இரண்டு நெஞ்சில் ஒரே ஓசை

தைஸியா சிறுமியாக இருந்த காலத்தில் அவள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள், ஒரே கூரைக்குக் கீழேதான் தூங்கினார்கள். ஆனால் அம்மா சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் கணவரைப் பார்க்காமல், "சூப் ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள். தைஸியா திரும்பி, "அப்பா, சூப் ஆறுது" என்பாள். அவர் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மின்னு அம்மாகிட்ட சொல்லும்மா" என்பார். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் குழந்தை வாய்வழியாக வந்தால்தான் அந்த வீட்டில் ஒரு சொல் சொல்லப்பட்டதாகக் கணக்கு.

காரணம் ஊருக்கே தெரியும். அப்பா அர்க்காதி பெர்ஸேனெவ், காமா நதிக்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊருக்கு ஒரே மருத்துவர். ஜெர்மானியரோடு போர் நடந்தபோது, பட்டாளத்துக்கு வருகிறவர்களைச் சோதித்து அனுப்பும் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. அம்மாவின் ஒரே தம்பி பாவெலுக்குச் சிறு வயதிலிருந்தே நுரையீரல் பலவீனம். அதே மாதிரி நுரையீரலோடு வந்த எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளை 'தகுதி' என்று எழுதி அனுப்பியிருந்தார் அர்க்காதி. மச்சினன் முன்னால் வந்து நின்றபோது அவருடைய பேனா வேறு மாதிரி எழுதவில்லை. பாவெல் போனான். திரும்பி வரவில்லை. அன்றைக்குக் கணவரிடம் மூடிய வாயை அம்மா க்ஸேனியா திறக்கவே இல்லை. பல வருடங்கள் கழித்து அர்க்காதி செத்துச் சவப்பெட்டியில் கிடந்தபோது, அவள் பக்கத்தில் போய் நின்று அவருடைய கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்படி இரண்டு பேருக்கு நடுவில் தூது போய் வளர்ந்த தைஸியா, பெரியவளானதும் அப்பாவின் தொழிலுக்கே வந்தாள். இதய மருத்துவர். அவள் காது பெயர்பெற்றது. பெரிய நகரத்து இயந்திரங்கள் கோடு போட்டுக் காட்டுவதற்கு முன்னால், இவள் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடி, இன்ன வால்வு சரியாக மூடவில்லை என்று சொல்லிவிடுவாள். தொழிற்பயிற்சிப் பள்ளியில் வரைகலை ஆசிரியராக இருந்த ரொதியோனைக் கல்யாணம் செய்துகொண்டாள். சாந்தமான மனிதன். அவளைக் 'குருவி' என்று கூப்பிடுவான். நாலு பேர் முன்னிலையிலும் அப்படியே கூப்பிட்டு அவளைக் கூச்சப்பட வைப்பான். ஒரே பிள்ளை, மத்வேய். வீட்டில் மோத்யா.

அப்பா உட்கார்ந்த நாற்காலியும் அவளுக்கே வந்து சேர்ந்தது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது, பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் பையன்களை ஜட்டியோடு வரிசையில் நிறுத்துவார்கள். கண் பார்க்க ஒருத்தர், எலும்பு பார்க்க ஒருத்தர், இதயம் பார்க்கத் தைஸியா. சமாதானக் காலத்தில் அது பெரிய பாரமாக இல்லை. இரண்டு வருடம் போவார்கள், தோள் அகன்று வருவார்கள், கல்யாணம் செய்துகொள்வார்கள். பிறகு தெற்கே ஆப்கானிஸ்தானில் சண்டை தொடங்கியது. அதைப் பற்றிச் செய்தித்தாளில் எழுத மாட்டார்கள். அந்த எல்லையில் ஓடும் ஆற்றை வைத்து, 'ஆற்றுக்கு அந்தப் பக்கம்' என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள். காமாக்கரை ஊரில் அந்த வார்த்தை முதலில் வேடிக்கையாக இருந்தது, ஏனென்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரம் அறுக்கும் ஆலைதான் உண்டு. போகப் போக யாரும் சிரிக்கவில்லை.

ரொட்டிக் கடையில் விற்கிற ஃபயீனா, தைஸியாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், அவளை இன்னும் 'தாயா' என்று செல்லப் பெயரில் கூப்பிடுகிறவள். கணவன் குடித்துக் குடித்துப் போய்ச் சேர்ந்தான், இரண்டு பையன்களை ஒண்டியாக வளர்த்தாள். மூத்தவனைச் சோதித்து 'தகுதி' என்று எழுதியவள் தைஸியாதான். எழுதியதில் தப்பே இல்லை, அவன் இதயம் குதிரை இதயம். அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு காலை விட்டுவிட்டு வந்தான். அதற்கப்புறமும் ஃபயீனா வழக்கம்போல ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். "இந்தா, கருகாததா பாத்து எடுத்து வச்சேன்" என்பாள். ஒரு நாளாவது கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் தைஸியாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மத்வேய்க்குப் பதினெட்டு வயது ஆன வருடம், கல்லூரி நுழைவுத் தேர்வில் தவறிப்போனான். கல்லூரியில் இடம் கிடைத்திருந்தால் பட்டாளத்தைத் தள்ளிப்போட்டிருக்கலாம். கிடைக்கவில்லை, ஆகவே வசந்தத்தில் அவன் முறை. குளிர்காலக் கடைசியில் அவனுக்குச் சளி பிடித்தது. தைஸியா அவன் சட்டையைத் தூக்கி ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தாள், பிறகு நெஞ்சில் வைத்தாள். லப், டப். அந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. துணி உரசுகிற மாதிரி, மிக மெல்லிசாக ஓர் ஓசை.

அவள் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தாள்.

"என்னம்மா?" என்றான் மத்வேய்.

"ஒண்ணுமில்ல. மூச்சை இழுத்துப் பிடி."

மறுபடி அதே ஓசை. இத்தனை வருடமாக எத்தனையோ தடவை இந்த நெஞ்சில் காது வைத்திருக்கிறாள், ஒரு தடவையும் கேட்டதில்லை. இது புதிதாக வந்ததா? அல்லது இந்த வருடம் கேட்கவேண்டும் என்று அவள் காது ஆசைப்படுகிறதா? பாத்திரம் கழுவும்போதும் இதையேதான் யோசித்தாள். அடுத்தவர் பிள்ளை என்றால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். தன் காதை நம்ப முடியாமல் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு மாகாணத் தலைநகருக்கு ரயிலேறினாள். அங்கே பெரிய மருத்துவமனையில் அவளுக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் இருந்தார். இதயத்தின் மின்கோடு எடுத்தார்கள். கோடு நன்றாகத்தான் இருந்தது. பேராசிரியர் தாமே காது வைத்துக் கேட்டார். பிறகு மத்வேயை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சொல்லும்மா, என்னன்னு எழுதணும்?"

"நீங்க என்ன கேட்டீங்கன்னு எழுதுங்க, ஐயா."

"அதெல்லாம் இருக்கட்டும். உனக்கு எது வேணும்? எனக்கும் பேரப்பசங்க இருக்காங்க. வால்வுல கோளாறுன்னு எழுதினா யாரும் மறு கேள்வி கேக்க மாட்டான்."

"உண்மையிலேயே கோளாறு இருக்கா?"

அவர் அன்போடு அவள் தோளைத் தட்டினார். "இருக்குன்னு வச்சுக்கோயேன்."

அவள் எதுவும் எழுதி வாங்காமல் திரும்பி வந்தாள். ரயிலில் மத்வேய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, "எனக்கு வெக்கமா இருக்கும்மா. என்னோட படிச்சவன் எவனுக்கும் இப்படி ஊர் ஊரா கூட்டிட்டுப் போக அம்மா இல்ல" என்றான்.

"உனக்கு உடம்பு சரியில்லன்னா?"

"சரியில்லன்னு யாரு சொன்னா? நீதானே சொல்றே."

வீட்டில் ரொதியோன் அதற்கு நேர்மாறாக இருந்தான். சத்தம் போட்டுப் பேசி அறியாதவன் அன்றைக்கு மேசையில் தட்டினான். "பேராசிரியரே எழுதித் தரேன்னு சொன்னாரு, நீ வேணாம்னு வந்துட்டியா? குருவி, உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"அவர் எனக்காக எழுதறாரு. அவனுக்கு இருக்கறதை எழுதல."

"இருந்தா என்ன, இல்லேன்னா என்ன? பையன் வீட்ல இருப்பான்ல!"

"நாளைக்கு ஃபயீனா வந்து, 'என் பையன் நெஞ்சில மட்டும் ஏன் அப்படிக் கேக்கல'ன்னு கேட்டா?"

"ஃபயீனாவுக்கு நானே பதில் சொல்லிக்கறேன். உங்கப்பாவுக்குத்தான் நீ பதில் சொல்லிட்டு இருக்கே, செத்து இருபது வருஷத்துக்கு அப்புறமும்."

அவளுக்குச் சுருக்கென்றது. அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அப்பாவைப் போல ஆகக்கூடாது என்று பிள்ளையைக் காப்பாற்றினால் அது மட்டும் யாருக்கான பதில்? அம்மாவுக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பழைய சாப்பாட்டு மேசையிலேயே போய் உட்கார வேண்டியிருந்தது.

ஆற்றில் பனிக்கட்டி உடைந்து மிதக்கத் தொடங்கிய வாரத்தில் ஆள் எடுப்பும் தொடங்கியது. முதல் நாள் வரிசையிலேயே ஃபயீனாவின் இளையவன் யெகோர் நின்றான். சிரித்த முகம், காதுவரை புள்ளி புள்ளியாக மச்சம். ஆற்றுக் கப்பலில் வேலை பார்க்கவேண்டும் என்பதுதான் அவன் சின்ன வயசுக் கனவு. பட்டாளத்தில் கப்பற்படைக்குப் போட்டால் நல்லது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"உள்ள யாராவது இருக்காங்களா டாக்டரம்மா?" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினான். "தட்டினா தொறக்கறாங்களான்னு பாருங்க."

"வாயை மூடு. மூச்சு விடாத."

லப், டப். நடுவில், துணி உரசுகிற மாதிரி.

தைஸியா அவனைப் பக்கவாட்டில் படுக்கச் சொன்னாள், எழுந்து உட்காரச் சொன்னாள், குதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டாள். அவள் மகனிடம் கேட்ட அதே ஓசை, அதே இடத்தில். முதலில் அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. காது கெட்டுப்போகவில்லை, இந்தப் பையனிடமும் இருக்கிறதே! அடுத்த கணமே அந்தச் சந்தோஷம் வடிந்தது. ஒற்றைக் காலோடு வாசலில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிற அவன் அண்ணனைத் தினமும் பார்க்கிறாள். இவனைப் போகவிடாமல் நிறுத்தவேண்டும் என்று அவள் மனசுக்குள் ஆசை இல்லையா என்ன? அப்படியானால் இங்கேயும் காது அவள் ஆசையைத்தான் கேட்கிறது.

"இவனை அப்புறம் பாக்கறேன்" என்று தனியாக ஒதுக்கி வைத்தாள்.

மாலையில் ஆள்சேர்ப்பு அதிகாரி மேஜர் ஸ்துகாலொவ் அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்தில் கேட்ட ஆள் கணக்கைச் சேர்த்துக் கொடுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். தேநீர் ஊற்றிக் கொடுத்து, பழ ஜாமை அவள் பக்கம் நகர்த்தினார்.

"டாக்டரம்மா, போன தடவையே மேலேருந்து கேட்டாங்க. உங்க ஊர்ல மட்டும் என்ன, எல்லாப் பையனுக்கும் இதயத்துல ஓட்டையா, தண்ணியில ஏதாவது கலந்திருக்கான்னு."

"இருந்ததைத்தான் எழுதினேன்."

"உங்களைத் தெரியாதா எனக்கு? ஆனா இந்த வசந்தத்துல உங்ககிட்டேருந்து இதயக் கோளாறுன்னு ஒண்ணுதான் போகலாம். ஒண்ணே ஒண்ணு. அது யாருன்னு நான் கேக்கவே மாட்டேன்." ஜாம் கரண்டியை நக்கிவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்களுக்கும் வீட்ல ஒரு பையன் இருக்கான்ல."

"என் பையனை வேற யாராவது சோதிக்கட்டும், மேஜர். நான் பாக்கறது முறையில்ல."

"வேற யாரு இருக்கா? கண் டாக்டரா இதயத்தைப் பாப்பாரு? நீங்கதான் பாக்கணும், நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

"அப்ப என்னை இந்த வேலையிலேருந்து விடுவிச்சிடுங்க."

"விட்டா உங்களுக்குப் பதிலா ஒரு பட்டாள டாக்டரை அனுப்புவாங்க. அவன் செத்த பிணத்தைக்கூட 'தகுதி'ன்னு எழுதுவான். அது பரவாயில்லயா?"

அவர் சொன்னது நிஜம். தைஸியா தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்தாள்.

அன்பு இருக்கிறவர் யாரும் அவளுக்கு உண்மையைச் சொல்லப்போவதில்லை என்பது இப்போது தெளிவாகிவிட்டது. பேராசிரியர் சொல்லவில்லை, கணவன் கேட்கவே விரும்பவில்லை, மேஜர்கூட அவருடைய வழியில் தயவு காட்டுகிறார். அப்போதுதான் அவளுக்கு லபாத்தின் என்ற மருத்துவரின் ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் மருத்துவமனையில் அறுவைப் பிரிவின் தலைவர். குடித்துவிட்டுக் கத்தியைப் பிடித்ததைப் பார்த்து மேலிடத்தில் புகார் சொன்னவள் தைஸியா. பதவி போனது, மனைவி போனாள். இப்போது படகுத் துறையில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கட்டுப்போடும் மருந்தகத்தில் உட்கார்ந்திருக்கிறார். தெருவில் பார்த்தால் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். அந்த ஊரில் அவளை மனசார வெறுக்கிற ஒரே ஆள் அவர்தான்.

மத்வேயைக் கூட்டிக்கொண்டு போனாள். லபாத்தின் அவளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"அடடே, யாரு வந்திருக்கா பாரு! நான் இன்னும் குடிக்கறேனான்னு மோந்து பாக்க வந்தியா?"

"என் பையனைப் பாக்கணும். நெஞ்சில ஒரு ஓசை கேக்குது. நிஜமா இல்லயான்னு நீங்க சொல்லுங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். "புரியுது, புரியுது. நல்லவங்க எல்லாரும் உனக்கு இனிக்க இனிக்கப் பேசிட்டாங்க. அதனால கெட்டவன்கிட்ட வந்திருக்கே. டேய் தம்பி, சட்டையைக் கழட்டு."

நெடுநேரம் கேட்டார். குடியால் வந்த கை நடுக்கம் கேட்கும்போது மட்டும் நின்றுவிட்டது. மத்வேய் முகம் சிவந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லபாத்தின் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் தொங்கவிட்டார்.

"இருக்கு."

தைஸியா மகனின் சட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கு, உன் காது பொய் சொல்லல. ஆனா அதுல ஒண்ணுமில்ல. வளர்ற வயசுல பத்துல மூணு பசங்களுக்கு இப்படிக் கேக்கும். இதை வச்சுக்கிட்டு உன் பையன் எண்பது வயசு வரைக்கும் மரம் வெட்டலாம். அடுத்தவன் பையனா இருந்தா நீயே தட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பே, இல்லன்னு சொல்லு பாப்போம்?"

அவள் மகனிடம் சட்டையை நீட்டினாள்.

"நான் உன்னைப் பழி வாங்கறேன்னு நெனச்சுக்கோ. நெனச்சா உனக்கு லேசா இருக்கும்னா நெனச்சுக்கோ. எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

வெளியே வந்ததும் மத்வேய், "அந்தக் கெழவர் நல்லவர்மா" என்றான். அவனுக்கு நிம்மதி. நண்பர்களோடு சேர்ந்து போகலாம்.

லபாத்தின் சொன்னது மத்வேய்க்கு மட்டுமில்லை, யெகோருக்கும்தான். இரண்டு பேரும் ஆரோக்கியமானவர்கள். அப்படியானால் மேஜர் அவள் கையில் கொடுத்திருப்பது ஒரே ஒரு பொய். அதை எங்கேயும் செலவழிக்காமலும் இருக்கலாம். அப்படிச் செய்தால் அவள் தொழிலுக்குக் களங்கம் இல்லை. இரண்டு பேரையும் அனுப்பலாம். அவள் கடைக்குப் போகும்போது ஃபயீனா மறுபடி கருகாத ரொட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். அந்த ரொட்டியைக் கை நீட்டி வாங்கத் தன்னால் முடியாது என்று தைஸியாவுக்குத் தோன்றியது.

மத்வேயின் முறை வந்த அன்று யெகோரையும் மறுபடி கூப்பிட்டிருந்தாள். இரண்டு பையன்களும் வரிசையில் அடுத்தடுத்து நின்று, முழங்கையால் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். யெகோரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள், கேட்டாள். வால்வில் கோளாறு, பட்டாளத்துக்குத் தகுதியில்லை என்று எழுதினாள். அடுத்து மகன். அவன் அவள் கண்களை நேராகப் பார்த்தான். தகுதி என்று எழுதினாள். பேனாவை வைத்தபோது தன் கையைத் தானே அடையாளம் தெரியாததுபோலப் பார்த்தாள். அப்பாவின் கையும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்குமா? அவர் ஒருவரையும் காப்பாற்றவில்லை. இவள் ஒருவனைக் காப்பாற்றினாள், தன் பிள்ளையை விட்டு. எது அதிகத் தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரொதியோனிடம் அவளே சொன்னாள். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. அவள் அம்மாவைப் போல வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. எப்போதும்போல நாள், கிழமை, அடுப்பு, விறகு எல்லாம் பேசினான். 'தைஸியா, கடைக்குப் போகணுமா?' 'தைஸியா, உனக்கு டீ?' குருவி என்ற சொல் மட்டும் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது.

ரயில் நிலையத்தில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பையன்கள் தலையை ஒட்ட மழித்திருந்தார்கள், தாய்மார்கள் அவித்த முட்டையும் ஊறுகாய் வெள்ளரியும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். வழியனுப்ப யெகோரும் வந்திருந்தான், முகம் தொங்கிப்போய். மத்வேய் அவனைக் கட்டிப்பிடித்து ஏதோ பேசினான். பிறகு அம்மாவிடம் வந்தான்.

"யெகோர்கிட்ட கேட்டேன். நெஞ்சில ஓசை கேக்குது, வால்வு கோளாறுன்னு நீ எழுதியிருக்கியாம்."

தைஸியா அவன் பொட்டலத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"எனக்கு இருக்கறதுதானே அது?"

"ஆமா."

"அவனுக்கு மட்டும் கோளாறு, எனக்கு ஒண்ணுமில்லயா?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல, மோத்யா."

அவன் புரிந்துகொண்டான். புரிந்துகொண்டது முகத்தில் தெரிந்தது. அவன் கோபப்படவில்லை. குனிந்து அவள் தலைமுண்டின் முடிச்சைச் சரிசெய்தான். "அப்பாவைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ரயிலேறினான். அவள் அந்த இடத்திலேயே நின்றாள். ரயில் போனபிறகும் யாரோ வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகும்வரை நின்றாள்.

ஃபயீனா ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டைக்கோஸ் அடைத்த பெரிய ரொட்டியோடு வந்தாள். சமையலறையில் உட்கார்ந்து, முந்தானை போன்ற அவள் கழுத்துத் துணியால் கண்ணைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும்டி தாயா. பெரியவனோட காலுக்கு நீ ஈடு கட்டிட்டே. நான் ஒண்ணும் கேக்கல, நீயா செஞ்சே."

"ஈடெல்லாம் இல்ல ஃபயீனா."

"வேற என்ன? உன் பையனை அனுப்பிட்டு என் பையனை வச்சிருக்கே. இதுக்கு மேல யாரு செய்வா?"

அவள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாளா, சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாளா? தைஸியா ரொட்டியை வெட்டினாள். தன் துண்டைத் தட்டிலேயே விட்டாள்.

நன்றி சொல்ல வந்தவள் கோடை முடிவதற்குள் வேறு முகத்தோடு வந்தாள். கப்பல் பயிற்சிப் பள்ளியில் யெகோரைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். இதயக் கோளாறு உள்ளவனை ஆற்றில் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே படகுத் துறையில் பழியாகக் கிடந்தவன், இப்போது வீட்டில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறான்.

"அதை அழிச்சிடு தாயா. குணமாயிடுச்சுன்னு எழுதிடு. இப்பதான் ஆள் எடுப்பு முடிஞ்சுபோச்சே."

"வால்வு கோளாறு மருந்துல குணமாகாது ஃபயீனா. குணமாச்சுன்னு நான் எழுதினா, முதல்ல எழுதினது பொய்னு ஆயிடும். அப்புறம் இலையுதிர் காலத்துலயே அவனைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. என்னையும் விட மாட்டாங்க."

"அப்போ என் பையன் வாழ்நாள் பூரா நோயாளியா இருக்கணுமா? இல்லாத நோய்க்கு?"

"உயிரோட இருக்கானே."

ஃபயீனா எழுந்தாள். "உயிரோட இருக்கான், ஆமா. நீயே வந்து பாரு அவன் எப்படி உயிரோட இருக்கான்னு."

அதற்குப் பிறகு அவள் ரொட்டியை எடுத்து வைப்பதில்லை. வரிசையில் நின்று, கிடைத்ததை வாங்கிக்கொண்டு தைஸியா வருவாள். யெகோர் அக்கரையில் மரம் அறுக்கும் ஆலைக்குப் போனான். லேசான வேலைதான் கொடுத்தார்கள், பலகைகளை எண்ணி அடையாளம் போடுகிற வேலை. கனமான எதையும் அவனைத் தூக்க விடமாட்டார்கள். தெருவில் தைஸியாவைக் கண்டால், "எப்படி இருக்கீங்க டாக்டரம்மா, உள்ள இன்னும் யாரும் கதவைத் தொறக்கலயே!" என்று உரக்கக் கத்துவான். குடித்திருப்பான்.

மேஜர் அவளை விடுவிக்கவில்லை. இலையுதிர் காலத்தில் அவள் மறுபடி பழைய பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தாள். மத்வேயிடமிருந்து கடிதங்கள் வந்தன. வண்டி ஓட்டுகிறான், வெயில் அதிகம், முலாம்பழம் இனிக்கிறது, அவ்வளவுதான். எங்கே என்று எழுத அனுமதியில்லை. முலாம்பழம் என்று படித்ததும் அவன் தெற்கே எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான் என்று புரிந்துகொண்டு, ரொதியோன் கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் விறகு பிளந்தான். அவர்களுக்குத் தேவைக்கு மேலேயே விறகு சேர்ந்துவிட்டது.

இரண்டாவது குளிர்காலத்தில் மத்வேய் வந்தான். குண்டடி இல்லை, கை கால் இருந்தது. கண்ணும் தோலும் மஞ்சளாக இருந்தன. அங்கே தண்ணீரில் பரவிய காமாலை அவன் படைப்பிரிவில் பாதிப் பேரைச் சாய்த்திருந்தது. ஊர் மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவில் படுக்க வைத்தார்கள். அம்மாவாக இருந்தாலும் டாக்டராக இருந்தாலும் வேறு பிரிவுக்காரர் உள்ளே போகக்கூடாது. தைஸியா தினமும் மதிய வேளையில் முற்றத்துப் பனியில் நின்று, கண்ணாடி ஜன்னல் வழியாக அவனைப் பார்ப்பாள். அவன் கை அசைப்பான். ரொதியோனும் வருவான், அவள் பக்கத்தில் நிற்பான்.

உடம்பு தேறியதும் மத்வேய் வேறு ஊருக்குப் போய்விடுவான் என்று அவள் நினைத்தாள். போனால் தாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தாள். அவன் போகவில்லை. வண்டி ஓட்டத்தான் தெரியும் என்று சொல்லி, அவள் மருத்துவமனையிலேயே ஆம்புலன்ஸ் ஓட்டுநராகச் சேர்ந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. ஒரு முறை ரொதியோன் மெதுவாக, "அங்கே எப்படிடா இருந்துது?" என்று ஆரம்பித்தான். "தூசு, அப்பா" என்றான். அதோடு சரி.

சிற்றூர்களிலிருந்து இதய நோயாளிகளுக்கு அழைப்பு வந்தால் தைஸியா போக வேண்டியிருக்கும். அப்போது அம்மாவும் பிள்ளையும் முன் இருக்கையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போவார்கள். பனி மூடிய வழி, இரண்டு பக்கமும் காடு, ஆளரவமே இல்லாத நீளம். அந்த வண்டிக்குள் இருந்து இறங்கிப் போக இரண்டு பேருக்கும் வழியில்லை. அவன் ரோட்டைப் பற்றிப் பேசுவான். இந்த வளைவில் சறுக்கும், அந்தப் பாலம் இந்த வருடம் தாங்காது. அவள் ஊம் கொட்டுவாள். அன்றைக்கு அவள் எழுதியதைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று அவள் நாக்கு நுனிவரை வந்து, ஒவ்வொரு முறையும் திரும்பிப் போகும். அவனுக்கும் சொல்ல ஏதோ இருந்தது என்பதை, ஸ்டியரிங்கில் அவன் விரல் தட்டுகிற விதத்தில் அவள் அறிவாள்.

அப்படி ஒரு பயணத்தில், வண்டி ஒரு கிராமத்து வாசலில் நின்றது. கிழவர் ஒருவருக்கு மூச்சு வாங்கியது. தைஸியா ஊசி போட்டு, அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றச் செய்து, பின்னால் அவர் மனைவியை உட்கார வைத்துவிட்டு, முன்னால் வந்து ஏறினாள். கைகள் விறைத்திருந்தன. மத்வேய் தன் கையுறையைக் கழற்றி அவள் மடியில் போட்டான்.

"போட்டுக்கோ" என்றான். "கதவை நல்லா இழுத்துச் சாத்தும்மா, காத்து வருது."

அவள் இழுத்துச் சாத்தினாள். அவன் வண்டியைக் கிளப்பினான்.